நீ அழித்துக் கீறிய இரும்பு வியாபாரி

என் மகனுக்கு,

நாளை மறுநாள் காலையில் நீ ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகிறாய். கொழும்பில் இரண்டு நாள், அதன் பிறகு சிங்கப்பூர். இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள், அம்மா மடித்து வைத்த சேட்டுகளுக்கு நடுவில் செருகி வைக்கிறேன். அங்கே போய்ப் பெட்டியைத் திறக்கும்போது உன் கையில் கிடைக்கட்டும். முகத்துக்கு நேரே சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். நான் ஒன்று சொல்லுவேன், நீ ஒன்று சொல்லுவாய், ஐந்தாவது வசனத்தில் இரண்டு பேருடைய குரலும் உயரும். "தொடங்கீட்டினம் தகப்பனும் மகனும்" என்று அம்மா குசினிக்குள் இருந்து அகப்பையோடு வருவார். நீயும் நானும் கதைத்தால் சண்டை என்பது ஸ்கந்தபுரம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

ஆகவே சண்டை வருவதற்கு முதலே சொல்லிவிடுகிறேன். உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்களே, அந்தப் பெருமை அல்ல இது. நீ சின்னவனாக இருந்தபோது உன்னைப் பற்றி நான் அப்படி ஒன்றும் உயர்வாக நினைத்ததில்லை. கணக்கில் கோட்டை விட்டாய். கொப்பிகளின் பின்பக்கமெல்லாம் முகங்கள் கீறினாய், அவற்றில் பாதி முகங்களுக்கு என்னுடைய மூக்கு. அதற்காக உன்னை அடித்தும் இருக்கிறேன். இன்றைக்கு அந்தக் கீறலுக்காகத்தான் ஒரு கம்பனி விமானச் சீட்டு அனுப்பி உன்னைக் கூப்பிடுகிறது. சங்கக்கடையில் என்னை மறித்து, "மகன் என்ன வேலைக்குப் போறார் மாஸ்டர்?" என்று கேட்கிறார்கள். "கொம்பியூட்டர் விளையாட்டுகளுக்கு ஆக்களைக் கீறுறது" என்கிறேன். "விளையாட்டுக் கீறவோ? அதுக்குச் சிங்கப்பூர் போகவேணுமோ?" என்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானும் சிரித்துவிட்டு வருகிறேன்.

ஆனால் அது விளையாட்டு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். கிளிநொச்சியில் கணினி படிக்கப் போன புதிதில், யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த வெளிநாட்டு விளையாட்டு ஒன்றை எனக்குக் காட்டினாய். துவக்கோடு ஒருவன் ஓடுகிறான், எதிரே வருகிறவர்களைச் சுடுகிறான். "விழுகிறவன் முழுக்க எங்கட கலர், பாத்தியளே அப்பா?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்த விளையாட்டைச் செய்தவன் எங்களைக் கண்டிருக்கவே மாட்டான், காணாதவனைக் கெட்டவனாகக் கீறுவது எவ்வளவு சுலபம் என்றும் பெரிய மனிதனாக ஒரு வசனம் சொன்னேன். அப்போது நானே அந்த வேலையைத்தான் ஊர் ஊராகச் செய்துகொண்டு திரிந்தேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

சண்டை நின்று கண்டி வீதிப் பாதை திறந்த அடுத்த வருடம் அது. இடம்பெயர்ந்த சனம் வளவுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பற்றைக்குள்ளும் வயல் வரம்பிலும் சண்டை விட்டுப்போன இரும்பு கிடந்தது. வெடித்தது, வெடிக்காதது என்று பார்த்தால் தெரியாது. பழைய இரும்பு வாங்க லொறிகளும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களும் வரத் தொடங்கின. பிள்ளைகள் இனிப்பு ரொபிக்கு ஆசைப்பட்டுப் பீரங்கிச் செல் கோதுகளையும் தொடக்கூடாத மற்றவற்றையும் பொறுக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வீட்டில் அழுகுரல் கேட்ட பிறகு நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வீதி நாடகம் செய்தோம். கண்டாவளை, துணுக்காய் என்று அதைப் போடாத மைதானம் இல்லை. அதில் பிள்ளைகளை ஆசைகாட்டி இரும்பு பொறுக்க வைக்கும் வியாபாரி நான்தான். உனக்குத் தெரியும், உன் அப்பா நடிக்கப் பிறந்தவன், தவறிப்போய் வாத்தியாரானவன்.

வீதி நாடகத்தில் மைக் கிடையாது, திரை கிடையாது. வில்லன் வந்தவுடன் கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் ஆள் யார் என்று விளங்க வேண்டும். அதற்கு எங்களிடம் ஒரு சுருக்கு வழி இருந்தது. தலையில் ஒரு வெள்ளைத் தொப்பி, கரியால் ஒரு தாடி, கோட்டுச் சாரம், இடுப்பில் அகலமான பெல்ட், இழுத்து இழுத்துப் பேசும் ஒரு கதை. நான் மைதானத்துக்குள் காலை வைத்ததும் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்குத் தலைகால் தெரியாது. இத்தனைக்கும் எங்கள் ஊரில் இரும்பை எடைபோட்டு வாங்கியவர் மூன்று குறி திருநீறு பூசுகிறவர். அவரைப் போல வேஷம் போட எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றும் தோன்றவில்லை. இயக்கம் முஸ்லிம் சனத்தை வன்னியை விட்டு அனுப்பிப் பன்னிரண்டு பதின்மூன்று வருடமாகியிருந்தது. எங்கள் நாடகத்தைப் பார்த்த பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஒரு முஸ்லிம் மனிதரோடு கதைத்திருக்க மாட்டார்கள், கடையில் சாமான் வாங்கியிருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் கண்ட முதல் முஸ்லிம் கரித்தாடி வைத்த நான்தான். கொஞ்சக் குடும்பங்கள் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பி வரத் தொடங்கியிருந்த அதே நேரத்தில்தான் இது நடந்தது.

பாடசாலைகளுக்குக் கணினி கொடுத்த திட்டத்தில் உனக்கு வேலை கிடைத்ததும், எங்கள் நாடகத்தையே சிறுவர் விளையாட்டாகச் செய்யச் சொன்னார்கள். கிளிநொச்சியில் படம் கீறிச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நீதான் என்று அம்மா கோயில் வரையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். குட்டி என்ற பிள்ளை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறது. வழியில் இரும்புகள் கிடக்கின்றன. தொப்பி போட்ட வியாபாரி கை நிறைய ரொபியோடு பின்னால் வருகிறான். அவனிடம் பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது. நீ முதலில் கீறிய குட்டியைப் பார்த்துவிட்டு அம்மா, "இது ஆற்ற பிள்ளை? எங்கட ஒழுங்கையில இந்த நிறத்தில ஒரு பிள்ளையையும் நான் காணேல்லையே" என்று கேட்டது நினைவிருக்கிறதா? ரோசாப்பூ நிறத்தில் அல்லவா பூசி வைத்திருந்தாய். முகம் சிவந்துபோய் அன்றைக்கே நிறத்தை மாற்றினாய். பிழை பிடித்தால் ஒத்துக்கொள்கிற குணம் உனக்கு அம்மாவிடம் இருந்து வந்தது. என்னிடம் அது இல்லை.

வியாபாரிக்குக் குரல் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டாய். அறையின் யன்னல்களில் சாக்குக் கட்டி, ஜெனரேற்றரை மரத்துக்கு அப்பால் தள்ளி வைத்துவிட்டு, "அப்பா, நாடகத்தில மாதிரியே கதையுங்கோ" என்றாய். "தம்பீ, அந்த இரும்பைக் கொண்டா, ரொபி தாறன்" என்று இழுத்தேன். உன் கூட்டாளிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு மூன்று தரம் நடித்துக் காட்டினேன்.

சீடி அடிப்பதற்கு முதல் பிள்ளைகளிடம் கொடுத்து விளையாட வைத்துப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் நீ. "கீறினவனுக்குத் தன்ர பிழை தெரியாது" என்றாய். முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குப் போனபோது நானும் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டேன். உதவி செய்ய அல்ல, என் குரலுக்குப் பிள்ளைகள் சிரிப்பதைக் கேட்க. சிரித்தார்கள். எனக்கு வயிறு நிறைந்தது. பிறகு நீ ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, "இந்த விளையாட்டில எதுக்குப் பயப்பிட வேணும்?" என்று கேட்டாய். "தொப்பிக்காரனுக்கு" என்றது முதல் பிள்ளை. அடுத்ததும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும் அப்படியே. இரும்புக்குப் பயப்பிட வேண்டும் என்று சொன்ன பிள்ளையை நான் அங்கே காணவில்லை.

நீ சும்மா இருக்கவில்லை. ஒரு தாளை எடுத்து அங்கேயே ஒரு படம் கீறினாய். நல்ல சேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டு, நெற்றியில் திருநீறு பூசிய ஒரு மனிதர். அவர் கையில் அதே செல். "இவர் இதைத் தந்தால் வாங்கலாமோ?" என்று கேட்டாய். "ஓம் சேர், வாங்கலாம். இவர் நல்லவர்" என்றான் ஒருவன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டாய். உன் முகம் அன்றைக்கு இருந்ததைப் போல நான் அதற்கு முன் கண்டதில்லை.

பின் வாங்கில் ஒரு சிறுமி விளையாடாமல் இருந்தாள். றிஸ்வானா என்று பெயர், நான்காம் வகுப்பு, திரும்பி வந்த குடும்பம் ஒன்றின் பிள்ளை. விளையாடத் தெரியாதோ என்று கேட்டாய். "தெரியும். ஆனா அந்த ஆளைக் கண்டு ஓட எனக்கு விருப்பமில்லை. எங்கட வாப்பா மாதிரியே கதைக்குது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வாப்பா இரும்பு வாங்கிறவர்தான். ஆனா செல் வாங்கமாட்டார். கொண்டு வாற பிள்ளையளை ஏசித்தான் விடுவார்" என்றாள். மணி அடித்தது. வெளியே போன பிள்ளைகளில் நாலைந்து பேர் அவளைச் சுற்றி நின்று, "அந்த இரும்பைக் கொண்டா, ரொபி தாறன்" என்று என் குரலிலேயே இழுத்தார்கள். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நீ ஓடிப்போய் அவர்களை விலக்கினாய். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. சின்னப் பிள்ளைகள், பகிடிதானே என்று நினைத்தேன்.

திரும்பி வரும் வழியில் நீ மோட்டார் சைக்கிளை ஒரு பாலை மர நிழலில் நிற்பாட்டினாய். "அப்பா, இதை இப்பிடியே நான் குடுக்கப் போறதில்லை. முழுக்க மாத்திக் கீறப் போறன்" என்றாய்.

"ஒரு தொப்பிக்காகவோ?" என்றேன்.

"தொப்பி இல்லையப்பா. பிள்ளையள் ஆளைப் பாத்துப் பயப்பிடப் பழகியிருக்கினம், இரும்பைப் பாத்தில்லை. நாளைக்கு எங்கட ஆள் ஒருத்தர் கேட்டால் கொண்டுபோய்க் குடுப்பினம். அதுக்குப் பிறகு கை இருக்காது, கால் இருக்காது."

"நாடகம் பாத்த சனம் எல்லாம் கைதட்டினது. அவ்வளவு பேரும் மடையரோ?"

"உங்கட நடிப்புப் பிழையெண்டு நான் சொல்லேல்லை. நடிப்பு நல்லா இருக்கிறபடியால்தான் இவ்வளவு பிழை வந்திருக்கு."

"சரி, ரெண்டாவதா ஒரு படத்தைச் சேர்த்து விடன். திருநீறு பூசின ஆளும் இரும்பு வாங்கிறார் எண்டு."

"அப்பவும் அந்தப் பிள்ளை சுவரோடதான் நிப்பாள்" என்றாய்.

அதற்கு நான் சொன்ன மறுமொழியை இங்கே திரும்ப எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். "உனக்கு அவையள் என்ன சொந்தமோ?" என்று கேட்டேன். நீ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினாய்.

அடுத்த கிழமை திட்டத்துப் பெரியவர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். திறப்பு விழாவுக்கு ஆட்கள் வருகிறார்கள், சீடி கையில் இருக்க வேண்டும், இப்போது போய் மாற்றுவதென்றால் எப்படி என்று குதித்தார். "தொப்பியை மட்டும் அழிச்சு விடுமன், ஒரு நிமிஷ வேலைதானே" என்றார். "தொப்பியை அழிச்சால் தாடி நிக்கும் சேர். தாடியை அழிச்சால் கதை நிக்கும், நடை நிக்கும். ஆள் ஆரெண்டு பிள்ளையளுக்கு அப்பவும் தெரியும்" என்றாய். பெரியவர் என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், நாடகம் உங்கட. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

மகனே, அந்தப் பாடசாலையில் நீ கண்டதை எல்லாம் நானும் கண்டேன். உனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். ஆனாலும், "பிள்ளையள் நல்லாச் சிரிக்கினம் சேர். அப்பிடியே இருக்கட்டும்" என்றேன். கைதட்டு வாங்கிப் பழகிய வாய் அது. நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு மேசையில் அறைச் சாவியை வைத்தாய். "நான் இதைக் குடுக்கமாட்டன் சேர். வேற ஆளைக் கொண்டு செய்யுங்கோ" என்றாய். உனக்கு இருபத்திரண்டு வயது. கிளிநொச்சியில் அந்த வேலையை விட்டால் உனக்குக் கீற வேறு இடம் இல்லை, வயலுக்குத்தான் வந்திருப்பாய். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரியவர் சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பத்து நாள். பதினோராம் நாள் சாக்குச் சொல்லக் கூடாது" என்றார். அன்றைக்கே உன்னைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். என் வீம்பு விடவில்லை. இரண்டு நாள் உன்னோடு முகம் கொடுத்தும் கதைக்கவில்லை.

அந்தப் பத்து நாளில் நீ செய்த வேலையைத்தான் சிங்கப்பூர்க்காரர் பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வியாபாரியைத் தூக்கி எறிந்தாய். துரத்துகிறவன் என்று ஒருவனுமே இல்லை. இரும்பே எதிரி. கறள் பிடித்தது, பாதி புதைந்தது, வால் வைத்தது, வாளி மாதிரிக் கிடப்பது என்று ஒவ்வொன்றையும் பிள்ளை கண்டுபிடித்துத் தொடாமல் விலகி, பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆசைகாட்டிக் கேட்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்கள். மாமா மாதிரி ஒருவர், கூடப் படிக்கிற ஒருத்தி, ஒருமுறை வாத்தியார் கூட. அந்த வாத்தியாருக்கு என் மூக்கை வைத்திருந்தாய். அதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அத்தோடு எங்கள் கோபமும் முடிந்தது.

ஆனால் தொப்பி போட்ட மனிதரை அடியோடு எடுத்துவிட உனக்கு மனம் வரவில்லை. எடுத்தால் அந்தச் சனம் வன்னியிலேயே இல்லை என்றாகிவிடும் என்றாய். பிள்ளைகளைக் காப்பாற்றுகிற நல்லவராக அவரைக் கீறலாமா என்று யோசித்தாய். றிஸ்வானாவின் தகப்பனிடமே கேட்போம் என்று புறப்பட்டாய். அம்மா என்னையும் பிடித்து ஏற்றிவிட்டார். "நீங்களும் போங்கோ. படம் அவன்ர, குரல் உங்கட" என்றார்.

அந்த வீட்டு முற்றத்தில் சாக்குகளுக்கு நடுவில் நின்றவரைக் கண்டதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறையான ஜமால்தீன் நானா. நான் முல்லைத்தீவில் படிப்பித்த காலத்தில் தினமும் அவருடைய கடையில்தான் காலைத் தேநீரும் பத்திரிகையும். "மாஸ்டர்! நீங்களோ? உயிரோட இருக்கிறியளோ?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கதிரை போடச் சொன்னார். றிஸ்வானா தண்ணீர் கொண்டு வந்தாள். நீ விஷயத்தை விளங்கப்படுத்தி, அவரை நல்ல மனிதராகக் கீறலாமா என்று கேட்டாய். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"வேண்டாம் தம்பி. எங்களைக் கெட்டவனாவும் கீற வேண்டாம், நல்லவனாவும் கீற வேண்டாம். நல்லவனெண்டு கீறினா நாளைக்கு நான் சின்னப் பிழை விட்டாலும் சனம் பிடிச்சுக்கொள்ளும். சனத்தோட சனமா எங்கயும் ஒரு மூலையில நிக்க விடுங்கோ. அது போதும்."

அப்படித்தான் அவரை நீ பஸ் தரிப்பிடத்தில் நிறுத்தினாய். கையில் ஒரு பார்சல், பக்கத்தில் சேலை கட்டிய ஒரு அம்மா, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. ஒருவரும் அவரைப் பார்ப்பதில்லை, அவரும் ஒருவரையும் பார்ப்பதில்லை. சீடியைக் கொண்டு அதே பாடசாலைக்குப் போனோம். எதற்குப் பயப்பிட வேண்டும் என்று மறுபடி கேட்டாய். "கறள் பிடிச்ச இரும்புக்கு சேர்" என்று வகுப்பே கத்தியது. றிஸ்வானா கடைசி வரைக்கும் விளையாடினாள். இடையில் பஸ் தரிப்பிடம் வந்தபோது தொப்பி போட்டவரைத் தொட்டுப் பார்த்து, "இவர் எங்க போறார் சேர்?" என்று கேட்டாள். "எல்லாரும் போற இடத்துக்குத்தான். கிளிநொச்சிக்கு" என்றாய்.

இதுவரை எழுதியது எல்லாம் உனக்குத் தெரிந்த கதை. தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் குரல் நானாவுடையது. றிஸ்வானா சொன்னது அச்சொட்டாகச் சரி. இரண்டு வருடம் அவருடைய கடை வாங்கில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டே அவர் வசனத்தை இழுத்து முடிக்கும் அழகை நான் கேட்டிருக்கிறேன். நாடகத்துக்கு ஒரு கதை தேவைப்பட்டபோது அதைத்தான் எடுத்தேன். அவர்களைப் போகச் சொன்ன நாளில் நானா கடைச் சாவியோடு வீதியில் நின்றார். பிள்ளைகளும் மூட்டைகளும் பக்கத்தில். தூரத்தில் என்னைக் கண்டு கையை உயர்த்தினார். நான் சைக்கிளை மற்ற ஒழுங்கையால் திருப்பிக்கொண்டு போனேன். பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு மனிதனுக்குப் போய்வாருங்கள் என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்? அது கூட என்னிடம் இருக்கவில்லை. அவருக்கு முகம் கொடுக்காத நான், அவருடைய குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைச் சிரிக்க வைத்தேன்.

சீடி கொடுத்த அடுத்த கிழமை உனக்குச் சொல்லாமல் தனியாக அவரிடம் போனேன். அவர் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தார். "நானா, நாடகத்தில அந்த வியாபாரியா நடிச்சது நான்தான். உங்கட கதையைத்தான் கதைச்சனான்" என்றேன். அவர் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியும் மாஸ்டர். துணுக்காய்க்கு இரும்பு ஏத்தப் போன இடத்தில பாத்தனான். தொப்பியைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டுப் பின்னுக்கு நிண்டு பாத்தனான்."

"கோவம் வரேல்லையோ நானா?"

"எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சனான். நான் மட்டும் சிரிக்காமல் நிண்டால் ஆரெண்டு பிடிபட்டிடுமெல்லோ."

தேநீர் தந்தார், குடித்தேன். வீதிக்கு வந்து பஸ் ஏறி வீடு வந்தேன். அம்மாவிடம் கூட இதைச் சொல்லவில்லை.

புத்தி சொல்லும் வயது எனக்கு, புத்தி கேட்கும் வயது உனக்கு என்று ஊரில் சொல்லுவார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழாகிவிட்டது. ஆனாலும் தகப்பன் அல்லவா, ஒன்றே ஒன்று சொல்லுகிறேன். அந்தக் கம்பனியில் உன்னிடம் எதிரிகளைக் கீறச் சொல்லுவார்கள். அவசரமாகக் கேட்பார்கள், பார்த்தவுடன் தெரியும்படி கேட்பார்கள். ஆபிரிக்கரையோ அரேபியரையோ நீ ஒருநாளும் கண்டிருக்க மாட்டாய், நாங்கள் காணாத சனத்தைப் பற்றி எங்களுக்குள் ஏற்கெனவே ஒரு சுருக்கு வழி இருக்கும். கை தானாக அந்த வழியில் போகும். அப்போது கையை நிறுத்து. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டது போல அங்கேயும் கேள். சிரிக்கிறார்கள் என்பதற்காக நம்பாதே, யார் எதற்காகச் சிரிக்கிறான் என்று உனக்குத் தெரியாது. சாவியை மேசையில் வைக்க வேண்டி வந்தால் வை. வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்கும் அலுவலாக நீ கிளிநொச்சியில் நின்ற நாட்களில் முல்லைத்தீவுப் பக்கத்து மைதானத்தில் எங்கள் நாடகத்தை மறுபடி போட்டோம். இரும்பு வியாபாரி நான்தான். தொப்பி இல்லை, கரி இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போடும் அதே சேட்டு, நெற்றியில் வழக்கமான திருநீறு, என் சொந்தக் குரல். நான் உள்ளே வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் முறையாகக் கைதட்டு இல்லாமல் நடித்தேன். "தம்பி, அந்த இரும்பைக் கொண்டா" என்றதும் முன்னுக்கு இருந்த ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஜமால்தீன் நானா இருந்தார், தலையில் தொப்பியோடு, மடியில் றிஸ்வானாவோடு. நாடகம் முடியும் வரைக்கும் ஒருதரம் கூடச் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்க வேண்டிய தேவை அன்றைக்கு அவருக்கு இருக்கவில்லை.

அது உன்னால் நடந்தது, மகனே. போய் வா.

உன் அப்பா